திரும்பப் பெற்ற சம்மதம்

சந்தையும் சபையும் – 17

நிலம் விற்பதற்காக உண்டாக்கப்பட்ட பொருள் அல்ல. அதைச் சரக்காக நடத்தும் சந்தை, தன்னைத் தாங்கி நிற்கும் சமூகத்தையே குலைத்துவிடும் என்று கார்ல் பொலானி 1944-இல் வாதிட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த வாதம் இன்று கண்முன் நடக்கும் இடம் ஒன்று உண்டு. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று குறிப்பிடும் தீவுக்கூட்டத்தின் தென்கோடியான கிரேட் நிக்கோபார்.

அங்கே அரசு திட்டமிட்டிருப்பது: கலாத்தியா விரிகுடாவில் ஆண்டுக்கு 1.42 கோடி கன்டெய்னர்களைக் கையாளும் துறைமுகம், ஒரு விமான நிலையம், மின்நிலையம், புதிய நகரம். ஆரம்ப மதிப்பீடு 72,000 கோடி ரூபாய். இதற்காக 130 சதுர கிலோமீட்டர் காடு போகிறது. சுமார் எட்டாயிரம் பேர் வாழும் தீவில் 30 ஆண்டுகளில் மூன்றரை லட்சம் பேர் குடியேறுவார்கள் என்கிறது திட்டம். கொழும்பிலும் சிங்கப்பூரிலும் கப்பல் மாறும் இந்தியச் சரக்கு நம் மண்ணிலேயே மாறட்டும் என்பது அரசு சொல்லும் காரணம். அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே வேலைக்கு விழிஞ்ஞம் துறைமுகம் 2025-இல் திறக்கப்பட்டுவிட்டது.

இங்கே அனுமதி கேட்டு நின்றது தனியார் முதலாளி அல்ல. தீவு நிர்வாகத்தின் நிறுவனமான அனிட்கோ. கேட்பதும் அரசு, கொடுப்பதும் அரசு. அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டமன்றம் கிடையாது. மொத்தத் தீவுகளுக்கும் ஒரே ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். அரசை எதிர்த்துக் கேள்வி கேட்க அங்கே எஞ்சியிருக்கும் மன்றம் நிக்கோபாரிகளின் பழங்குடி கவுன்சில்தான். கிராமத் தலைவர்களை ‘கேப்டன்’ என்று அழைக்கும் மக்கள் அவர்கள். 2004 சுனாமியில் கடலோர ஊர்களை இழந்து, காம்பெல் பே அருகே ராஜீவ் நகரிலும் நியூ சிங்கெனிலும் குடியமர்த்தப்பட்டார்கள். பழைய ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

2022 ஆகஸ்டில் அந்தக் கவுன்சில் ஆட்சேபணையின்மைக் கடிதம் கொடுத்தது. நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. தங்கள் பழைய ஊர்களும் பழங்குடியினர் காப்பகத்தின் ஒரு பகுதியும் திட்டத்துக்குள் போகின்றன என்பதை முன்பே தங்களுக்குச் சொல்லவில்லை, அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்றது. அதற்குள் காட்டுக்கான முதற்கட்ட ஒப்புதலும் சுற்றுச்சூழல் அனுமதியும் வந்துவிட்டன. ஆகஸ்டுக் கடிதத்துக்கு இருந்த மதிப்பு நவம்பர்க் கடிதத்துக்கு இல்லாமல் போனது. அதே தீவின் இன்னொரு பழங்குடியான, 2011 கணக்கெடுப்பில் 229 பேர் மட்டுமே இருந்த ஷோம்பென்களிடம், வெளியாரிடமிருந்து விலகியே வாழும் அந்த மக்களிடம், சம்மதத்தை யார், எந்த மொழியில் கேட்டிருக்க முடியும்?

நியம்கிரி மலையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம், வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில், அங்கே வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்தைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பை ஒடிசாவின் கிராம சபைகளிடம் விட்டது. பன்னிரண்டு சபைகளும் மறுத்தன, மலை தப்பியது. அதே வன உரிமைச் சட்டம்தான் கிரேட் நிக்கோபாருக்கும். நியம்கிரிக்கு ஆய்வாளரும் வழக்கறிஞரும் செய்தியாளரும் பஸ் ஏறிப் போனார்கள். இங்கே 1956-ஆம் ஆண்டு பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை வெளியாரைக் காப்பகத்துக்குள் விடாது. அது அவசியமான வேலி, அகற்றச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வேலி குடிமைச் சமூகத்தை வெளியே நிறுத்துகிறது. திட்டத்துக்கு வழிவிட வேண்டிவந்தபோது, அரசு 84 சதுர கிலோமீட்டர் காப்பகத்தின் பாதுகாப்பை விலக்க முன்வந்தது. பழங்குடியினருக்காகப் பேச வருபவரைத் தடுக்கும் சட்டம் துறைமுகத்தைத் தடுக்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1969 முதல் இங்கே குடியேற்றப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களையும் மறக்கக் கூடாது. அவர்களில் தமிழரும் உண்டு. மருத்துவத்துக்கும் படிப்புக்கும் கப்பலை நம்பிக் கிடப்பவர்கள். வளர்ச்சி வேண்டும் என்று அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் விமான நிலையம் கேட்பது அவர்களின் காந்தி நகர், சாஸ்திரி நகர் நிலங்களையும்தான்.

2023 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை மறு ஆய்வு செய்ய ஓர் உயர்மட்டக் குழுவை அமைத்தது. குழுவின் தலைவர், அனுமதி வழங்கிய அதே சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் செயலர். வன உரிமைகள் முறையாகத் தீர்க்கப்பட்டனவா என்ற கேள்வியைக் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் மீனா குப்தா. ஒரு காலத்தில் பழங்குடியினர் விவகாரத் துறையின் செயலராக இருந்தவர் அவர். 2025-இல் கவுன்சிலும் மீண்டும் எழுதியது: தங்கள் வன உரிமைகளை அங்கீகரிக்கும் வேலை தொடங்கவே இல்லை, முடிந்துவிட்டதாக நிர்வாகம் சான்று தந்திருக்கிறது என்று.

(தொடரும்)