வேகத்தின் விலை



மேல் வகுப்பு மாணவர்கள் இக்காலத்தில் ஓயாது வாதாடும் பொருள்களுள் ஒன்று பந்தய வகை மோட்டார் சைக்கிள். ஒரு மோட்டார் காரின் விலைக்கு நிகராகவும், சிலவேளை அதனை விஞ்சியும் விற்கப்படும் இவ்வண்டி, கொடுத்த பணத்துக்குப் பெறுமதி உடையதா என்பதே அவர்களது வினா. பெற்றோருள் பலர் இதனை 'வீண் ஆசை' என்று தள்ளிவிடுகின்றனர். தள்ளிய வினா மறைந்துவிடுவதில்லை. கடன் பத்திரமாகவோ வைத்தியசாலைக் கட்டிலாகவோ திரும்பி வருவதுண்டு. ஆதலின் அதனை நிதானமாக ஆராய்வது நன்று.

முதலில், அப்பணம் எங்கே செல்கிறது என்று பார்ப்போம். சாதாரண வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏழு அல்லது எட்டாயிரம் சுற்றுகளோடு அமைதியடையும். பந்தய வகை எஞ்சினோ பதின்மூவாயிரத்தையும் கடந்து சுழலும். அவ்வாறு சுழலும்போது அதன் உறுப்புகள் சிதறாதிருக்க, அவை இலேசாகவும் வலிமையாகவும் இருத்தல் வேண்டும். அதற்கென அரிய உலோகங்கள் தேவை. மிக நுண்ணிய கடைச்சல் வேலை தேவை. பிறேக்குகளும், அதிர்வு தாங்கிகளும், வண்டி சாய்கின்ற கோணத்தை அளந்து எஞ்சினை அடக்கும் மின்னணுக் கருவிகளும் அத்தகையனவே. ஆகவே, வாங்குபவன் வெறும் பெயருக்கு மட்டும் பணம் கொடுக்கிறான் என்று கூறுதல் முறையன்று. உயர்ந்த தொழிற்றிறன் அதில் உண்டு.

ஆனால், அத்திறன் தரும் பயன் விலையோடு ஒத்து உயர்கிறதா? இங்கே காற்று குறுக்கே நிற்கிறது. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்லத் தேவையான வலு எட்டு மடங்காகும். இது எந்த உற்பத்தியாளனும் மாற்ற முடியாத இயற்கை விதி.

சில வண்டிகளை ஒப்பிட்டால் இது விளங்கும். யப்பானில் 1958ஆம் ஆண்டு வெளிவந்த ஹொண்டா சுப்பர் கப் என்ற சிறு வண்டி, 4½ பரிவலு கொண்டு மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர் ஓடியது. அதே நிறுவனத்தின் நான்கு உருளைகள் கொண்ட சி.பி. 750 என்ற வண்டி 1969இல் வந்தது. அதன் வலு 67 பரிவலு. வேகம் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். வலு பதினைந்து மடங்கு. வேகமோ மூன்று மடங்குகூட இல்லை. 1999இல் சுசுக்கி நிறுவனத்தின் ஹயபுசா ஏறத்தாழ 175 பரிவலுவோடு 300 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. காற்றைக் கிழிக்கும் மூடுறை அமைத்தும், ஒன்றரை மடங்கு வேகத்துக்கு இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட வலு வேண்டியதாயிற்று. வேகத்தின் கடைசிப் படிகளே மிகுந்த விலையுடையன. அப்படிகளில் ஏறவோ பொது வீதியில் இடமில்லை. இவ்வகைப் பெரிய வண்டிகள் முதலாவது கியரிலேயே மணிக்கு 100 கிலோமீற்றரைக் கடந்துவிடும். நமது நாட்டின் அதிவேக நெடுஞ்சாலைகளிலோ மோட்டார் சைக்கிள் செல்ல அனுமதியே இல்லை.

வேகம் கூடினால் நிறுத்தும் தூரமும் கூடும். நல்ல ரயர், உலர்ந்த தார் வீதி, கைதேர்ந்த ஓட்டுநர் என்று வைத்துக்கொள்வோம். ஆபத்தைக் கண்டு கை பிறேக்கைப் பிடிக்க ஒரு விநாடி செல்லும். மணிக்கு 50 கிலோமீற்றரில் வருபவர் ஏறத்தாழ 28 மீற்றரில் நிற்பார். 100 கிலோமீற்றரில் வருபவருக்கு 80 மீற்றருக்கு மேல் வேண்டும். 200 கிலோமீற்றரில் வருபவருக்கு 270 மீற்றருக்கு மேல் வேண்டும். குறுக்கே ஓடும் குழந்தைக்கும் மாட்டுக்கும் இக்கணக்குத் தெரியாது. எவ்வளவு விலை கொடுத்த பிறேக்கும் ரயர் வீதியைப் பற்றும் அளவுக்கு மேல் பிடிக்க மாட்டாது.

இனி, பேணும் செலவு. பந்தய வகையின் பின் ரயர் மென்மையானது. வீதியை இறுகப் பற்றுவதற்காகவே அவ்வாறு செய்யப்படுவது. அதனால் சில ஆயிரம் கிலோமீற்றரில் தேய்ந்துவிடும். எஞ்சின் வால்வுகளைச் சரிபார்க்க வண்டியின் உறைகளையெல்லாம் கழற்ற வேண்டும். காப்புறுதிக் கட்டணமும் கூடும். குனிந்த இருக்கை, நெரிசலில் தொடையைச் சுடும் எஞ்சின் ஆகியவற்றைத் தாங்கும் பொறுமையும் ஒரு செலவே.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றையும் நினைவிற் கொள்ளல் தகும். இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் நகரில் வின்சென்ட் நிறுவனம் 1948இல் பிளாக் ஷடோ என்ற வண்டியை விற்பனைக்கு விட்டது. மணிக்கு 125 மைல் ஓடக்கூடிய அதற்கு அந்நாளில் நிகரில்லை. ஆயினும் 1955இல் அந்நிறுவனம் மோட்டார் சைக்கிள் உற்பத்தியையே நிறுத்த நேர்ந்தது. சிறப்பை வியந்தவர் பலர். விலை கொடுத்து வாங்கியவர் சிலர். எஞ்சிய வண்டிகள் இன்று ஏலத்தில் ஓர் இலட்சம் டொலருக்கு மேலும் விலைபோவதுண்டு. மாறாக, சுப்பர் கப்பின் உற்பத்தி 2017இல் பத்துக் கோடியைத் தாண்டியது. ஏழை ஆசிரியனும் தபாற்காரனும் மீன் வியாபாரியும் ஏறிச் சென்ற வண்டி அது.

அப்படியாயின், விலையுயர்ந்த வண்டிகள் உலகுக்குப் பயனற்றவையா? அல்ல. ஹொண்டா நிறுவனம் 1959இல் மான் தீவுப் பந்தயத்தில் முதன்முதல் இறங்கி, 1961இல் வெற்றி கண்டது. பந்தயத்திற் கற்ற பாடங்கள் அதன் வீதி வண்டிகளுக்கும் பயன்பட்டன. சில்லுகள் இறுகி வழுக்காமற் காக்கும் மின்னணுப் பிறேக் அமைப்பு, 1988இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. வண்டியொன்றில் விலையுயர்ந்த வசதியாக வந்தது. 2019இலோ, இந்தியாவில் 125 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட எஞ்சினுடைய வண்டிகள் அனைத்துக்கும் அது கட்டாயமாயிற்று. செல்வந்தன் முதலிற் கொடுத்த விலையால் சாதாரண மனிதனின் உயிர் பின்னர் காக்கப்படுகிறது. ஆனால் பொறுத்திருப்பவனுக்கு அந்நன்மை மலிவாகவே கிடைக்கும் என்பதையும் இதிலிருந்து அறியலாம்.

முடிவாகச் சொல்வதானால், பந்தயத் திடலில் ஓட்டுபவனுக்கு இவ்வண்டி தொழிற்கருவி. அவனுக்கு அது பெறும். வீட்டுச் செலவும் பிள்ளைகளின் கல்வியும் போக மிச்சமுள்ளவன், நல்ல வீணையை விரும்பி வாங்குவதுபோல் இதனை வாங்கினால், அதனையும் பிறர் குறைகூற வேண்டியதில்லை. அழகும் தொழிற்றிறனும் மனிதனுக்கு மகிழ்ச்சி தருவன. ஆனால் வேலைக்குச் சென்று திரும்ப ஒரு வண்டி தேடும் இளைஞன், தாயின் நகையை அடகுவைத்தோ தந்தையின் ஓய்வூதியப் பணத்தை நம்பித் தவணைக் கடன் எடுத்தோ இதனை வாங்குவானாயின், அவன் பயன்படுத்தவே முடியாத ஒன்றுக்கு விலை கொடுக்கிறான்.

அத்தகைய இளைஞன் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: 'இவ்வண்டி நாளையே முற்றாக அழிந்துபோனால், என் வீட்டு அடுப்பு வழக்கம்போல் எரியுமா?' எரியும் என்றால் வாங்கலாம். எரியாது என்றால், நடுத்தர விலையில் நல்ல பிறேக் உள்ள வண்டியொன்றையும், தரமான தலைக்கவசத்தையும், சிறந்த ஓட்டுநரிடம் சில நாட் பயிற்சியையும் அவன் தேடிக்கொள்வதே அறிவுடைமை. இம்மூன்றுக்கும் சேர்த்துக் கொடுக்கும் பணம் பந்தய வண்டியின் விலையில் ஒரு சிறு பங்கே. அதனால் அவன் பெறும் பயனோ நாள்தோறும் அவனை வீடுசேர்க்கும்.