ஏற்காட்டுக்கு ஓடப் போறீங்களா? ஒரு நிமிஷம், பிரதர்!

டீக்கடையில் யாராவது குரலைத் தாழ்த்தி, "சார், ஒரு பர்சனல் மேட்டர்..." என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் அது கைமாற்றாகத்தான் இருக்கும். நானும் பர்ஸில் உள்ளதை மனசுக்குள் எண்ணிக்கொண்டேதான், "சொல்லுப்பா" என்றேன். எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்ஷன் தம்பி கேட்டது பணம் இல்லை. யோசனை!

"சனிக்கிழமை நைட் பஸ் சார். விடிஞ்சா சேலம். அங்கேருந்து ஏற்காடு. சேர்வராயன் கோயில்ல தாலி. மத்தியானம் ஏரியில போட்டிங். திங்கக்கிழமை காலைல டாண்ணு ஆபீஸ்!"

"பொண்ணு?"

"அவளும்தான் சார் வர்றா!"

(ரொம்ப முக்கியமான தகவல்.)

"ரெஜிஸ்டர் பண்றது?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். ஒருத்தர் 20 ரூபா பத்திரத்துல எழுதி, நோட்டரி சீல் போட்டுத் தர்றேன்னிருக்கார்."

எனக்கு டீ புரையேறியது. பத்திரத்தில் எழுதி சீல் குத்திக்கொள்வதற்குப் பெயர் கல்யாணம் இல்லை. வீட்டு வாடகைக்கு அக்ரிமென்ட் போடலாம், மனைவிக்குப் போட முடியாது. நாளைக்கு ஒரு இன்ஸ்பெக்டர் முன்னால் அந்தக் காகிதத்தை நீட்டினால் அவர் அதை விசிறிக்கொள்ளத்தான் உபயோகிப்பார்.

"ஏன்யா ஏற்காடு?" என்று கேட்டேன். அந்தப் பெண் ஏழாம் வகுப்பில் ஸ்கூல் டூர் போனபோது லேடீஸ் சீட்டில் நின்று, கீழே சேலம் ஊர் விளக்குகள் மினுக்குவதைப் பார்த்தாளாம். கல்யாணம் என்றால் இங்கேதான் என்று அப்போதே முடிவு! பையனுக்கு மறுக்கத் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்?

பெண்ணுக்குச் சொந்த ஊர் ஆத்தூர் பக்கம். சாதி வேறு. அண்ணன்காரன் ஒருமுறை, "வெட்டிப் போடுவேன்" என்றிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் சேலம் ஜில்லாவில் பாதி ஜனம் இருக்கும். இவர்கள் போட்டில் மிதிக்கும்போது பக்கத்து போட்டில் பெண்ணின் சித்தப்பா மிதித்துக்கொண்டிருந்தால்? மலைக்குப் பெரிய பாதை இரண்டுதான். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவோடு ஏறுவது ஒன்று, குப்பனூர் வழி இன்னொன்று. ஓடி ஒளிய லாயக்கான இடமே இல்லை.

சிரிப்பதற்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. மலைக்குக் கீழே இருக்கிற ஓமலூரைச் சேர்ந்த இன்ஜினீயர் கோகுல்ராஜ், 2015 ஜூன் மாதம் திருச்செங்கோடு கோயிலில் ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டார். பிறகு ரயில் பாதையில் பிணமாகக் கிடைத்தார். கல்யாணம்கூட இல்லை சார், பேச்சு! 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஏழு வருஷம் கோர்ட்டுதான் வீடு.

அதனால் தம்பியிடம், "ஓடறதுன்னா ஒழுங்கா ஓடு" என்றேன். முதலில் வயசு. பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 முழுசாக முடிந்திருக்க வேண்டும். பெண்ணுக்கு 17 வயசு 11 மாசம் என்றால்கூட உங்கள் காதல் காவியத்தைப் போலீஸ் போக்சோ சட்டத்தில்தான் எழுதும். ஒரு மாசம் பொறுங்கள், குடி முழுகாது. அடுத்து, பெண் எடுத்து வர வேண்டியது நகை இல்லை, பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டும் ஆதாரும். ஒரு மோதிரம் கூட வந்தாலும், 'நகையோடு மாயம்' என்று திருட்டுப் புகார் தனியாக வரும்.

இருவரும் வேறு வேறு மதம் என்றால் 1954ஆம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டம். அதில் ஒரு சிக்கல். இருவரில் ஒருவராவது 30 நாள் குடியிருக்கும் மாவட்டத்தில்தான் நோட்டீஸ் கொடுக்க முடியும். ஏற்காட்டில் ரூம் போட்ட மறுநாள் நடக்காது. கொடுத்த நோட்டீஸ் 30 நாள் ஆபீஸில் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் தொங்கும். பத்திரம் பதிய வந்த பங்காளி படித்துவிட்டால் தீர்ந்தது கதை! ஆனால் அவர் ஆட்சேபம் எழுதினாலும், ஏற்கெனவே கல்யாணமானவர், வயசு போதாது, கூடாத உறவு என்பது மாதிரி சட்டம் சொன்ன காரணம் இருக்க வேண்டும். 'எங்க சாதி இல்லை' என்பது அந்த லிஸ்ட்டில் கிடையாது. அப்புறம் மூன்று சாட்சிகளோடு போய்க் கையெழுத்து.

இருவரும் இந்து என்றால்? இங்கேதான் நம் தமிழ்நாட்டுக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

புரோகிதர் இல்லாமல் சுயமரியாதைக் கல்யாணம் செய்துகொள்ளும் வழக்கத்தை 1928லேயே பெரியார் அருப்புக்கோட்டை பக்கத்தில் ஆரம்பித்து வைத்தார். ஜனங்கள் செய்துகொண்டார்கள். ஆனால் 1953ல் சென்னை ஹைகோர்ட், சடங்கும் இல்லை வழக்கமும் இல்லை, ஆகவே செல்லாது என்று ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட ஒரே நாளில் பிரம்மச்சாரி! அண்ணா முதலமைச்சராகி 1967ல் கொண்டுவந்த திருத்தம்தான் அவர்களைக் கரை சேர்த்தது. அதே அண்ணாதான் 1944ல் சேலம் மாநாட்டில் தீர்மானம் கொண்டுவந்து, நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாகப் பெயர் மாற்ற வைத்தவர். ஆக, ஏற்காட்டு அடிவாரத்துக்கும் இந்தக் கதைக்கும் கொஞ்சம் சம்பந்தம் உண்டு.

இந்து திருமணச் சட்டம் 7-ஏ பிரிவு என்று பெயர். உறவினர், நண்பர்கள் அல்லது மற்றவர்கள் முன்னிலையில், 'இவரைக் கணவராக, இவளை மனைவியாக ஏற்கிறேன்' என்று இருவரும் தங்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இதில் ஏதாவது ஒன்று. அக்னி வேண்டாம், ஏழு அடி வேண்டாம். 2023 ஆகஸ்ட்டில் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி போனது. வீட்டு எதிர்ப்புக்குப் பயந்தவர்களை ஊரறியக் கல்யாணம் செய்துகொள் என்பது அவர்கள் உயிருக்கே ஆபத்து, வக்கீலும் நண்பர் என்ற முறையில் நடத்தி வைக்கலாம் என்றது.

கல்யாணம் முடிந்ததும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் ஆபீஸில் பதிய வேண்டும். (விட்டால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள்.) ஞாயிற்றுக்கிழமை அங்கே பூட்டுதான் தொங்கும். ஆகவே லீவு போட்டு வார நாளில் போங்கள். மிரட்டல் இருந்தால் கல்யாணத்துக்கு முன்னாலேயே எஸ்.பி. ஆபீஸில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். இப்படிப்பட்ட ஜோடிகளுக்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப் பிரிவு வேண்டும் என்று 2018ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. பெண் தன் கைப்பட, 'என் விருப்பத்தில்தான் போகிறேன்' என்று தேதி போட்டு எழுதி, ஒரு காப்பியைக் கையிலும் வைத்திருக்கட்டும்.

தம்பி எல்லாவற்றையும் செல்லில் டைப் செய்துகொண்டான். பிறகு, "அவ்ளோதானே சார்?" என்றான்.

அவ்வளவுதான், சட்டத்துக்கு. ஆனால் எனக்கு ஒன்று உறுத்தியது. நம் ஊரில் இந்த விஷயத்துக்கு உடன்போக்கு என்று கௌரவமான பெயர் உண்டு. சங்க காலத்தில் பாலை வெயிலில் நடந்தே போனார்கள். பெண்ணைக் கொடுக்க ஆள் இல்லாவிட்டாலும், சேர்ந்து போனவர்களுக்குத் திருமணச் சடங்கு உண்டு என்று தொல்காப்பியம் அப்போதே அனுமதி கொடுத்துவிட்டது. ஐங்குறுநூற்றில் ஒரு தாய் வருகிறாள். மகள் போய்விட்டாள். அந்தத் தாய் திட்டவில்லை. சிலம்பு கழற்றும் சடங்கை மாப்பிள்ளை வீட்டில் செய்தாலும் பரவாயில்லை, கல்யாணத்தையாவது எங்கள் வீட்டில் நடத்தக்கூடாதா என்று அவன் தாயிடம் கேட்டுப் பார்க்க ஆள் தேடுகிறாள். இரண்டாயிரம் வருஷமாக அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

"உன் அம்மாகிட்ட சொன்னியா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பெண் வீட்டில் சொல்ல முடியாது. அங்கே அரிவாள் பேச்சு நடக்கிறது, கல்யாணம் முடிந்து பத்திரமான இடத்துக்குப் போனதும் அந்தப் பெண் முதல் போன் தன் அம்மாவுக்குப் போடட்டும். ஆனால் இவன் அம்மா செங்கல்பட்டில் டெய்லரிங் செய்து இவனைப் படிக்க வைத்தவர். அவர் வெட்டவும் மாட்டார், வெளியில் சொல்லவும் மாட்டார். அழுவார். அதற்குப் பயந்துதான் பயல் சொல்லவில்லை!

ஒரு வாரம் என் பக்கமே வரவில்லை. நேற்று டீக்கடையில் பிடித்துவிட்டான்.

"சார், செவ்வாய்க்கிழமை. கோயில் கூட்டம் வேண்டாம்னுட்டா. அவ ஃப்ரெண்டுக்குத் தெரிஞ்ச காப்பித் தோட்டத்துல மாலை மாத்தறோம். நேரா போய் ரெஜிஸ்டர். மனு ரசீது பையில இருக்கு. நீங்களும் வரணும்."

"சட்டத்துல உறவினர், நண்பர்கள், மற்றவர்கள்னு இருக்கே... நான் இதுல எங்கேப்பா வர்றேன்?"

"நீங்க நண்பர்கள்ல சார். மற்றவர்களுக்கு வக்கீல் இருக்கார்."

"உறவினர்?"

"அம்மா வர்றாங்க. ரெண்டு நாள் அழுதாங்க... இப்ப அவளுக்கு பிளவுஸ் அளவு கேக்கறாங்க சார்!"

செவ்வாய், புதன் இரண்டு நாளைக்கு லீவு லெட்டர் எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் 'குடும்பத் திருமணம்'.