பாட்டும் ஒரு மனுதான்

போன மகளிர் தினத்துக்கு அக்குறணைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே சின்னக் கூட்டம் வைத்திருந்தோம். கொழுந்தெடுக்கிற ஒரு அக்கா எழும்பி, தானே கட்டின பாட்டு ஒன்றைப் பாடினார். நாள் முழுக்க மலையில் நின்றும், கிலோ குறைந்ததால் அரைப்பேர் விழுந்த கதை அது. பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பும் கைதட்டும். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும், "பாட்டெல்லாம் எதுக்கும்மா? குறை இருந்தா மனுவா எழுதிக் குடுங்க" என்றார். அக்கா பாட்டைப் பாதியிலே நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நாங்களும் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அது மனதை உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

படித்தவர்கள் "பெண்ணியக் கலை" என்று ஒரு பேர் சொல்கிறார்கள். பெரிய சொல்லாக இருக்கிறதே என்று யாரும் பயப்பட வேண்டாம். தனக்கு நடக்கிற அநியாயத்தை ஒரு பெண் தன் வாயாலே, தன் கையாலே பாட்டாகவோ படமாகவோ தையலாகவோ ஊர் முன்னால் வைக்கிறாள். அவ்வளவுதான். சிலி என்ற நாட்டில் 1973-ல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, பிடித்துப்போன பிள்ளைகளையும் புருஷன்மாரையும் காணாமல் தவித்த பெண்கள் பழைய துணித் துண்டுகளை ஒட்டித் தைத்து, நடந்ததைப் படமாக்கினார்கள். வாயால் சொன்னால் ஆபத்து. ஊசி நூலால் சொன்னது வெளிநாடு வரைக்கும் போனது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்முடைய மலையகத்திலேயே ஒருவர் இருந்தார். மீனாட்சியம்மாள். தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி.

அந்தக் காலத்தில் வெளியாள் தோட்டத்துக்குள்ளே கால் வைக்க முடியாது. துரைமாரின் சட்டம் அப்படி. நடேசய்யரே முதலில் புடவை வியாபாரி வேஷத்தில்தான் லயங்களுக்குள் நுழைந்தார் என்று சொல்வார்கள். 1931-ல் அவர் ஹட்டனைத் தளமாக வைத்துத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கினார். அவர் கூட்டம் பேசப் போகிற இடங்களுக்கு மீனாட்சியம்மாளும் போனார். பாரதியார் பாட்டுகளைப் பாடினார், தானும் பாட்டு எழுதினார். எழுத்து வாசிக்கத் தெரியாத சனத்துக்கு நோட்டீஸ் கொடுத்து என்ன பலன்? பாட்டு என்றால் கேட்டவர் லயத்துக்குக் கொண்டுபோவார், மறுநாள் மலையில் நிரை பிடிக்கும்போது அது வாயில் வரும். எந்த கங்காணியாலும் அதைப் பறிக்க முடியாது.

1939-ல் அரசாங்க வேலைகளில் தினக்கூலிக்கு இருந்த இந்திய வம்சாவளி ஆட்களை நீக்கத் தொடங்கினார்கள். நம் சனத்துக்கு இந்த நாட்டில் இடம் உண்டா இல்லையா என்ற கேள்வி வந்த நேரம் அது. 1940-ல் மீனாட்சியம்மாளின் பாட்டுகள் "இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை" என்ற பேரில் சின்னப் புத்தகமாக வந்தன. தலைப்பைப் பாருங்கள், மனு மாதிரியேதான் இருக்கிறது! உள்ளே இருந்தது பாட்டு.

ஒரு பெண் மேடை ஏறிப் பாடினதே அன்றைக்கு ஒரு போராட்டந்தான். நம் காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரதி அழுகிற அழுகையைக்கூடச் சேலை கட்டிய ஆம்பளைதானே வழக்கமாக அழுகிறார்? நன்றாகத்தான் அழுகிறார், குறை சொல்லவில்லை. ஆனால் நம் பெண்களின் சொந்தக் குரல் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் தேயிலைக் காட்டிலும் மட்டும் இருந்தது. அந்தப் பாட்டுகளை சி. வி. வேலுப்பிள்ளை சேகரித்து 1983-ல் "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்று புத்தகமாக்கினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் தோட்டத்தில் ஒரே நாட்சம்பளம் வந்தது அதற்கு அடுத்த வருஷம், 1984-ல். அதுவரைக்கும் அதே மலை, அதே மழை, அதே அட்டைக்கடி, பெண்ணுக்கு மட்டும் குறைந்த கூலி.

கேரளாவில் மூணாறு என்று ஒரு ஊர். அங்கேயும் தேயிலைதான், கொழுந்தெடுப்பதும் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள்தான். 2015 செப்டம்பரில் போனஸைக் குறைத்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் றோட்டில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்மாரையும் "நீங்க தள்ளி நில்லுங்க" என்று ஒதுக்கிவிட்டார்கள். "பெண்பிள்ளை ஒருமை" என்று பேர். அவர்களிடம் இருந்தது குரல் ஒன்றுதான். தாங்களே கட்டின கோஷங்களை ஒன்பது நாளாக ஒரே தாளத்தில் எழுப்பினார்கள். 20 வீதம் கொடுக்க நிர்வாகம் ஒத்துக்கொண்டது. நாட்சம்பளம் கேட்டதற்கு மட்டும் அன்றைக்கு முடிவு வரவில்லை.

மனு எழுத வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எழுதுங்கள், பிரதி ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மனு கந்தோர் லாச்சியில் தூங்கும். பாட்டு அப்படித் தூங்காது.

அந்த அக்காவை மறுபடி போய்ப் பார்த்தோம். பிள்ளை மடுவத்து வாசலில் நின்றபடியே மிச்சப் பாட்டையும் பாடிக் காட்டினார். பெரியவரைப் பற்றியும் இரண்டு அடி புதிதாகச் சேர்த்திருக்கிறார்! வருகிற மார்ச் 8-ல் முழுசாகப் பாடுவாராம். உங்கள் தோட்டத்திலும் பாட்டுக் கட்டுகிற அம்மா, ஆத்தா, தங்கச்சிமார் இருப்பார்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் சொல்லி எழுதி அனுப்புங்கள். பாட்டுக் கட்டினவர் பேரை மட்டும் மறக்காமல் போடுங்கள்.