அரசாங்கச் சாமான்தானே!

“அரசாங்கச் சாமான்தானே, அதில் நமக்கும் பங்குண்டு” என்ற பேச்சு நம் வாழைச்சேனை வீடுகளிலும் கேட்கத்தான் செய்கிறது.

2022 ஜூலை 9இல் கொழும்பு ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். அங்கே கிடைத்த 1 கோடி 78 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவைப் போராட்டக்காரர்களே எண்ணிப் பொலிஸாரிடம் ஒப்படைத்தார்கள். அதே மாளிகையில் திரைச்சீலை மாட்டியிருந்த 40 பித்தளைத் தாங்கிகளை விற்க முயன்றதாக மூவர் கைதானார்கள். ஜனாதிபதிக் கொடியை வீட்டில் படுக்கை விரிப்பாக்கிய ஒருவரும் கைதானார். அவரைக் காட்டிக் கொடுத்தது ஒரு வீடியோதான். 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டத்தில் பிணை கிடைப்பதும் இலேசல்ல.

அந்தப் ‘பங்கு’ப் பேச்சு ஃபிக்ஹிலும் உண்டு. பைத்துல்மாலில் திருடியவனுக்கும் அதில் பங்கிருப்பதால், கை வெட்டும் தண்டனை இல்லை என்பதே பெரும்பாலான இமாம்களின் கருத்து. (இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் மலர்கிறது!) ஆனால் நீங்கியது அந்தத் தண்டனை மட்டுமே, பாவம் அல்ல. அதே பங்கு அடுத்த வீட்டு விதவைக்கும் உண்டல்லவா?

கைபர் போருக்குப் பின் மித்அம் என்ற பணியாள் அம்பு பட்டு இறந்தார். அவருக்குச் சுவர்க்கம் என்று மக்கள் வாழ்த்தினார்கள். பங்கிடுமுன் அவர் எடுத்த போர்வை அவர்மீது நெருப்பாய் எரிவதாக நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். கேட்டிருந்த ஒருவர் தாம் எடுத்த செருப்பு வாரைக் கொண்டுவந்தார். அதுவும் நெருப்பு வார்தான் என்றார்கள். (புகாரி, முஸ்லிம்)

அப்படியொரு சாமான் வீட்டில் இருந்தால் வாயளவில் தௌபா போதாது. உரிய காரியாலயத்தில் சேர்த்துவிட வேண்டும். வெட்கமென்றால் பெயர் சொல்லாமலும் சேர்க்கலாம்.