கல்லில் விரித்த குடை

ஜெய்சல்மேருக்கு வடக்கே ஆறு கிலோமீட்டரில் இருக்கிறது படா பாக். மேட்டில் வரிசையாக மஞ்சள் கல் மண்டபங்கள். பின்னால் காற்றாலைகள் சுழல்கின்றன. வண்டியை விட்டு இறங்கி நிமிர்ந்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது கோலாலம்பூரின் பழைய ரயில் நிலையம். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு அது அன்றாடம் கண்ணில் படுகிற கட்டடம். அதன் கூரையில் வெள்ளைவெளேரென்று நிற்கும் குட்டிக் குவிமாடங்களின் உறவுக்காரர்கள், இங்கே ராஜாக்களின் நினைவைக் காத்து நிற்கிறார்கள்.

சத்ரி என்கிறார்கள். குடை என்று பொருள். சில தூண்கள், மேலே ஒரு கவிகை, அவ்வளவுதான். பெரும்பாலும் சுவர்கூடக் கிடையாது. ராஜபுத்திர அரசனின் சாம்பல் ஆற்றோடு போய்விடும். மண்டபத்தில் உடல் இல்லை. உயிரோடு இருந்தபோது தலைக்கு மேல் பிடித்த குடையை, அவன் போன பிறகு கல்லில் விரித்து வைக்கிறார்கள். வெண்கொற்றக்குடை என்று பள்ளியில் படித்த நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஒரு மண்டபத்தில் குனிந்து பார்த்தேன். நடுவில் ஒரு பலகைக்கல். குதிரைமேல் அரசன், அருகே வரிசையாக நிற்கும் பெண்கள். உடன்கட்டை ஏறிய ராணிகள் அவர்கள். கட்டைவிரல் நகம் அளவுள்ள முகங்கள். மணல்காற்று மூக்கையும் கண்ணையும் தேய்த்துவிட்டது. எண்ணத் தொடங்கினேன், முடியவில்லை, நிறுத்திவிட்டேன். குவிமாட அழகில் மயங்கி இந்தக் கல்லைத் தாண்டிப் போய்விடக் கூடாது. கட்டடக்கலை பேசுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நம் சோழர்கள் குடைக்குப் பதில் கோயிலே கட்டினார்கள். பள்ளிப்படை என்று அதற்குப் பெயர். கும்பகோணம் பக்கம் பட்டீசுவரத்தில், தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்காக முதலாம் ராஜேந்திரன் எழுப்பிய சிவன் கோயில் இன்றும் நிற்கிறது. 1025இல் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய அதே ராஜேந்திரன். கடாரம் என்றாலே மார்தட்டிக்கொள்ளும் நாம், ஊருக்குப் போகும்போது அந்தச் சின்னக் கோயிலையும் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

சத்ரி எப்படிக் கோலாலம்பூருக்கு வந்தது? ராஜபுத்திரர்களும் முகலாயர்களும் அதை அரண்மனை, கோட்டை உச்சிகளிலும் வைத்தார்கள். வெள்ளைக்காரப் பொறியாளர்கள் அதை எடுத்து இந்தோ சாரசனிக் பாணி ஆக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 1892, எழும்பூர் ரயில் நிலையம் 1908. அந்த அலையிலேயே ஆர்தர் பெனிசன் ஹப்பக், இங்கே ஜாமெக் பள்ளிவாசலையும் (1909) ரயில் நிலையத்தையும் (1910) வடிவமைத்தார். ஜாமெக் எழுந்த இடம் பழைய மலாய் இடுகாடு. அங்கே மட்டும் குடை தன் பழைய வேலைக்கே திரும்பிவிட்டதாக எனக்குத் தோன்றும்.

இந்தியாவுக்குப் போக முடியாதவர்கள் கம்யூட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போகலாம். லிட்டில் இந்தியாவின் பூக்கடை வாசம் விட்டு விலகிக் கொஞ்ச தூரத்தில் 1930களில் கட்டிய சுல்தான் சுலைமான் பள்ளிவாசல். அதன் அருகே சிலாங்கூர் அரச கல்லறை. இங்கே மண்டபம் வெறுமையாக இல்லை. உடல்கள் மண்ணுக்குள் உறங்குகின்றன. சத்தமில்லாமல் போய்ப் பார்த்து வர வேண்டிய இடம். நாட்டின் இரண்டாவது மாமன்னர் சுல்தான் ஹிசாமுடின் ஆலாம் ஷா இங்கேதான் இருக்கிறார். 1960 செப்டம்பர் 1இல் மறைந்தவர். மலாய் அரசர்களுக்கும் குடை உண்டு, மஞ்சள் நிறத்தில். கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு முன்னால் ஓடும் சாலைக்கு இவர் பெயர்தான்: ஜாலான் சுல்தான் ஹிஷாமுடின்.

என் தாத்தா ரயில்வேக்காரர். முப்பது ஆண்டுக்கு மேல் அந்த வெள்ளைக் குடைகளுக்குக் கீழே விளக்கும் கொடியுமாக நடந்தவர். அவருடைய சாம்பலைக் கிள்ளான் கடலில் கரைத்தோம். கல் வைக்கவில்லை. படா பாக்கிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, அந்தச் சாலையின் எதிர்ப்புறம் நின்று நிலையத்தின் குடைகளை எண்ணினேன். இந்தத் தடவை நிறுத்தவில்லை.