வாலாட்டும் நாயின் வலி

யானையின் நட்பினும் நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்கின்றது நாலடியார். யானை தன்னைப் பல காலம் அறிந்த பாகனையே கொல்லும். நாயோ, தன்னை வளர்த்தவன் எறிந்த வேல் உடலிலே தைத்திருக்கும் வேளையிலும் அவனைக் கண்டு வாலாட்டும் என்பது அந்நூல் காட்டும் காரணம். நட்பின் பெருமை கூறவந்த இக்கருத்தில், மிருக வைத்தியர் இன்று வற்புறுத்தும் ஓர் உண்மையும் அடங்கியுள்ளது. நாய் தன் நோவை எளிதிற் காட்டுவதில்லை. வாலாட்டம் உடல்நலத்துக்குச் சான்றாகாது. ஆதலின் நாய் வளர்ப்போர் அதன் உடலமைப்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலிற் கால்களை நோக்குவோம். மனிதன் உள்ளங்காலை ஊன்றி நடக்கின்றான். நாய் விரல்களை மட்டுமே ஊன்றி நடக்கின்றது. அதன் பின்னங்காலிற் பின்புறமாக வளைந்து தோன்றும் மூட்டை முழங்கால் எனப் பலர் கருதுவர். உண்மையில் அது குதிக்கால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கின்றது. முன்னங்கால்களோ உடலோடு என்பு மூட்டினாற் பிணைக்கப்பட்டவையல்ல. நமது தோளையும் மார்பையும் இணைக்கும் காறை என்பு நாய்க்குப் பெயரளவிலேயே உண்டு. தசைகளே தோட்பட்டையைத் தாங்குகின்றன. முன்னங்கால்களைப் பற்றிக் குட்டியைத் தூக்கும் சிறுவர், அதன் நிறை முழுவதையும் அத்தசைகளிலும் மூட்டுகளிலும் சுமத்துகின்றனர். ஒரு கையால் மார்பையும் மறு கையாற் பின்புறத்தையும் தாங்கித் தூக்குதலே முறை.

அடுத்து வாய். குட்டிக்குப் பாற்பற்கள் 28. வளர்ந்த நாய்க்குப் பற்கள் 42. அதன் தாடை மாட்டின் தாடைபோற் பக்கவாட்டில் அரைப்பதில்லை. கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோல்போல் வெட்டும். துண்டுகளை மெல்லாது விழுங்குவது நாயின் இயல்பு. எனவே, வெந்த கோழி என்பை அதற்கு எறிவது அன்பாகாது. அது கூரிய சிம்புகளாகப் பிளந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கக்கூடும். வெங்காயமோ நாயின் குருதியிலுள்ள செங்குழியங்களைச் சிதைக்கும். நமது கறிச்சோற்றில் வெங்காயம் சேராத நாள் ஏது?

எல்லாவற்றினும் முக்கியமானது வெப்பம். மனிதனுக்கு உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்கோ அத்தகைய வியர்வைச் சுரப்பிகள் பாதங்களின் அடியிலேயே உள்ளன. அவை உடலைக் குளிர்விக்கப் போதா. வாயைத் திறந்து, நாவை நீட்டி இரைப்பதனால் ஈரம் ஆவியாகி உடல் தணிகின்றது. நாயின் இயல்பான வெப்பநிலை செல்சியசு 38.3 முதல் 39.2 பாகை வரை. 41 பாகையைக் கடந்தால் உயிருக்கே இடர். காற்றில் வெப்பத்தோடு ஈரமும் மிகுந்தால் இரைப்பும் பயன் தராது. முகம் குறுகிய இனங்களுக்கு இவ்விடர் இன்னும் அதிகம்.

சித்திரை வெயிலில், தகரக் கொட்டிலின் ஓரத்தில், நிழல் எட்டாத குறுஞ்சங்கிலியிற் கட்டுண்ட நாயை எண்ணிப் பாருங்கள். நா கடுஞ்சிவப்பாகும், எச்சில் நூலாக வடியும், கால்கள் தள்ளாடும். வீட்டுக்காரரைக் கண்டால் அப்பொழுதும் அதன் வால் அசையக்கூடும். அதனை விரைந்து நிழலிற் சேர்த்து, குளிர்ந்த நீரால் உடலை நனைத்து விசிறி, தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும். நிழலும் நீரும் முன்னரே கிடைத்திருப்பின் இத்துயர் நேர்ந்திராது.

நாள்தோறும் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. நாயின் மேலுதட்டைச் சற்று உயர்த்திப் பல்முரசைப் பாருங்கள். இயற்கையிலேயே கறுத்த முரசு சில நாய்களுக்கு உண்டு. ஏனையவற்றுக்கு இளஞ்சிவப்பு நலத்தின் அறிகுறி. விரலால் அழுத்தி விட்டால், வெளிறிய இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவத்தல் வேண்டும். முரசு வெளிறியோ, நீலம் பாய்ந்தோ, செங்கல் நிறமாகவோ மாறியிருப்பின் வைத்தியரை நாடுவதே அறிவுடைமை.

வேலைப் பொறுத்துக்கொண்டு வாலாட்டுவது நாயின் இயல்பு. அது தைத்த இடத்தைக் கண்டறிவது வளர்ப்பவரின் கடன்.