பனி கொட்டிய நாளில் அப்பா மட்டும் ஏன் வெளியே?

2022 ஜனவரி 17, திங்கட்கிழமை. ஒமிக்ரான் அலையால் வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்த, கனடாவின் ஒன்டாரியோ மாகாண மாணவர்கள் வகுப்பறைக்குத் திரும்பவேண்டிய நாள். அன்று வீசிய பனிப்புயல் டொராண்டோவின் சில இடங்களில் அரை மீட்டர் அளவுக்குப் பனியைக் கொட்டியது; பள்ளிகள் திறக்கவில்லை. இப்படிச் சொல்லாமல் வந்து நிற்கும் விடுமுறைதான் ‘ஸ்னோ டே’. அப்படிப்பட்ட நாளில் பல வீடுகளில் அப்பா பனி அள்ளும் ஷவலை எடுத்துக்கொண்டு தனியாக வாசலுக்குப் போவார், பிள்ளைகள் போர்வைக்குள் டேப்லெட்டோடு சுருண்டிருப்பார்கள். உடல்நலக் கண்ணோடு பார்த்தால் இந்த ஏற்பாடு தலைகீழ். வெளியே போனால் மிகுந்த பலன் பெறக்கூடியவர்கள் உள்ளே இருக்கிறார்கள். மிகுந்த ஆபத்தில் இருப்பவர் வெளியே தனியாக மூச்சு வாங்குகிறார். குடும்பமே சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று தடவை வெளியே போய் வந்தால் இரண்டு குறையும் ஒன்றாகத் தீரும் என்பதே என் வாதம்.

ஷவலும் இதயமும்

கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான மாரடைப்புப் பதிவுகளைப் பனிப்பொழிவோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2017-இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வெளியானது. 20 செ.மீ. பனி விழுந்தால், மறுநாள் ஆண்கள் மாரடைப்போடு மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 16 விழுக்காடும், மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு 34 விழுக்காடும் கூடியிருந்தன. பெண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. பனி அள்ளுவது பெரும்பாலும் ஆண்கள் வேலையாக இருப்பதே காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அதை நம்ப இடமிருக்கிறது. பனி அள்ளும்போது கால்கள் ஊன்றியபடி நிற்க, கைகள்தான் முழுப் பாரத்தையும் தூக்குகின்றன. தூக்கும் நொடியில் நாம் அறியாமலே மூச்சைப் பிடிக்கிறோம்; இரத்த அழுத்தம் எகிறுகிறது. குளிர் ஏற்கெனவே இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கிறது. 1995-இல் நடந்த ஓர் அமெரிக்கச் சோதனையில், உடற்பயிற்சிப் பழக்கமில்லாத ஆரோக்கியமான இளைஞர்களுக்கே இரண்டு நிமிடம் அள்ளியதில் இதயத்துடிப்பு தன் உச்ச அளவில் 85 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது.

தமிழர்களான நம்மவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு படிக்கவேண்டும். 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்பே வருகிறது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வீட்டு வாசலில் ஷவலோடு நிற்கும் ஐம்பது வயதுக்காரர், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவராக இருந்தால், காலையில் எழுந்ததும் வேலைக்குப் போகும் அவசரத்தில் அள்ளத் தொடங்குவதைப்போல ஆபத்தான வேலை அந்த வாரத்தில் அவருக்கு வேறில்லை. அதிலும் கொடியது டிரைவ்வேயின் வாயில் கிடக்கும் மேடு. தெருப் பனியை அகற்றும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போகும் அந்தப் பனியில் பாதி ஐஸ். உப்பும் நீரும் ஊறி ஈரமணலைப் போலக் கனக்கும். அதை ஒரே மூச்சில் அள்ளக்கூடாது. பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதே இடையிடையே வந்து, தூக்காமல் தள்ளிவிடுவது நல்லது. ஷவலைப் பாதிக்குமேல் நிரப்பவேண்டாம். தூளான பனியைப் பிள்ளைகளும் தள்ளலாம். இதய நோயாளிகள் ஷவலைத் தொடாமல், காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்ளட்டும். நெஞ்சு இறுகினாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ, உள்ளே போய்ப் படுத்துப் பார்ப்போம் என்றிருக்காமல் உடனே அவசர உதவிக்கு 911-ஐ அழைக்கவேண்டும்.

பிள்ளைகளுக்கு வேண்டியது

கனடாவின் 24 மணிநேர உடலியக்க வழிகாட்டுதல் 5 முதல் 17 வயது வரையிலானவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கான உடலுழைப்பைக் கேட்கிறது. பொழுதுபோக்குத் திரை நேரம் இரண்டு மணிநேரத்துக்குள் இருக்கவேண்டும் என்கிறது. பள்ளி இல்லாத குளிர்நாளில் இரண்டுமே தவறும். முழங்கால் அளவுப் பனியில் நடப்பதும், சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு மேடேறுவதும் யாரும் வற்புறுத்தாமலே அந்த 60 நிமிடத்தில் பெரும்பகுதியை நிரப்பிவிடும். கண்ணுக்கும் லாபம் உண்டு. சீனாவின் குவாங்சோவில் ஆறேழு வயதுக் குழந்தைகளைப் பள்ளி நாட்களில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டபோது, மூன்று ஆண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, வழக்கம்போல் இருந்தவர்களில் 39.5 விழுக்காடு. மேகம் மூடிய குளிர்கால நண்பகலிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் நம் ஹாலில் இருப்பதைப்போலப் பல மடங்கு. ஆனால் வைட்டமின் டி கிடைக்கும் என்று எண்ணவேண்டாம். டொராண்டோ இருக்கும் அட்சரேகையில் நடுக்குளிர்கால வெயில் தோலில் அதை உண்டாக்கப் போதாது. கருந்தோலுக்கு இன்னும் கடினம். அதற்குச் செறிவூட்டிய பாலும், மருத்துவர் சொன்னால் மாத்திரையும்தான்.

“சளி பிடிக்காதா?”

பாட்டிமார் கேட்கும் இந்தக் கேள்வியை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. சளியைத் தருவது வைரஸ். அது பரவ வசதியான இடம் சன்னல் சாத்திய, காற்று உலர்ந்த அறை. இருந்தாலும், 2005-இல் கார்டிஃப் பல்கலைக்கழகம் 180 பேரில் பாதிப்பேரைக் குளிர்நீரில் கால் வைக்கச் செய்தபோது, அடுத்த சில நாட்களில் அவர்களில்தான் அதிகம் பேர் சளி அறிகுறி சொன்னார்கள். ஆகவே பாட்டியின் அச்சத்துக்கு மருந்து கதவைச் சாத்துவதல்ல, ஈரக் காலுறையை உடனே மாற்றுவது. உடலை ஒட்டிப் பருத்தி வேண்டாம்; வேர்வையைக் குடித்துக்கொண்டு குளிரைத் தோலோடு வைத்திருக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளை மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடி, இன்ஹேலரைப் பையில் வைத்துக்கொண்டு போகட்டும்.

காற்றோடு சேர்த்துக் கணக்கிட்ட குளிர் மைனஸ் 28-ஐத் தொட்டால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம் என்பது கனடிய வானிலைத் துறையின் எச்சரிக்கை. அன்று உள்ளேயே இருக்கவேண்டியதுதான். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. உறைவின் முதல் அடையாளமாகப் பலரும் சொல்லும் சிவப்பு நம் தோலில் எளிதில் தெரியாது. மூக்கு நுனி, காது மடல், விரல் நுனி சாம்பல் பூத்து, மெழுகுபோல் மழுங்கி, உணர்ச்சியற்றுப் போனால் உள்ளே வந்துவிடவேண்டும். தேய்க்கக்கூடாது, ஹீட்டர்முன் நீட்டக்கூடாது. வெதுவெதுப்பான நீரே போதும்.

வேலை இருக்கிறதே

பள்ளி மூடினாலும் அலுவலகம் லேப்டாப்பில் திறந்தே இருக்கிறது என்பது உண்மையான தடை. அதனால்தான் நாள் முழுக்க விளையாடச் சொல்லவில்லை. மதிய இடைவேளையில் 20 நிமிடம், மாலை இருட்டுமுன் இன்னொரு 20 நிமிடம். தனியாக அள்ளும் நேரத்தைத்தான் பங்கு போடுகிறோம். பிள்ளைகள் தெருவோரப் பனிமேட்டில் குகை தோண்டுவதை மட்டும் அனுமதிக்கவேண்டாம். அது இடியும், பனி ஒதுக்கும் வண்டியின் ஓட்டுநர் கண்ணுக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். கார் எஞ்சினை ஓடவிட்டு அதற்குள் பிள்ளைகளைச் சூடாக உட்காரவைப்பதும் வேண்டாம். புகைக்குழாய் பனியில் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறையும், அதற்கு மணமில்லை. வீட்டின் பக்கச் சுவரில் நீட்டியிருக்கும் ஹீட்டர் குழாய்க்கும் அதே ஆபத்து உண்டு. ஷவலைக் கையில் எடுத்ததும் முதலில் அந்தக் குழாயைச் சுற்றியுள்ள பனியைத்தான் விலக்கவேண்டும்; வாசல் அப்புறம்.